நாள் தள்ளும் முன்பே

1966ஆம் ஆண்டு பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில், ஜிமி ஆற்றுப் பள்ளத்தாக்கில், குடும்பங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து ஊசி போட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு அயோடின் ஏற்றிய எண்ணெய், அடுத்ததற்கு வெறும் உப்புநீர். கழுத்துக் கழலை அந்தப் பள்ளத்தாக்கில் அன்றாடக் காட்சி. காது கேளாமல், பேச்சு வராமல், கால்கள் விறைத்து, அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைகளும் அங்கே பலர். மருத்துவம் அந்த நிலையைக் கிரெட்டினிசம் என்று அழைத்தது. பீட்டர் ஃபரோவா, இயன் பட்ஃபீல்டு, பேசில் ஹெட்சல் ஆகிய மூவரும் ஆய்வின் முடிவை 1971இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உப்புநீர் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 534 பிள்ளைகளில் 26 பேருக்கு அந்தக் குறை இருந்தது. அயோடின் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த 498 பிள்ளைகளில் 7 பேருக்கு இருந்தது. அயோடின் காக்கிறது என்பது இதிலேயே நிறுவப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த ஏழு பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு தகவல் இதைவிடக் கனமானது: அவர்களில் ஆறு பேரின் தாய்மார் ஊசி போட்டுக்கொண்ட நாளிலேயே கருவுற்றிருந்தார்கள். மருந்து சரியானதுதான், அளவும் போதுமானதுதான். வந்து சேர்ந்த காலம் பிந்திவிட்டது. பாதிப் பேருக்கு மருந்தை மறுக்கும் இப்படியோர் ஆய்வுக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் அந்தத் தாய்மார் இவ்வளவு பெரிய விலை கொடுத்து நமக்கு வாங்கித்தந்த அறிவை அலமாரியில் போட்டு வைப்பது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

அந்த அறிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தையின் மூளைக்குத் தாய் தரவேண்டிய அயோடின், தான் தாயாகப் போகிறோம் என்று அவள் அறிவதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்தாக வேண்டும். நம்முடைய தாய்சேய் நலத் திட்டங்கள் எல்லாம் அவள் அறிந்த பிறகே தொடங்குகின்றன. இடையில் கிடக்கும் சில வாரங்களை எந்த மருத்துவமனையாலும் எட்ட முடியாது. அவற்றை எட்டக்கூடியது சமையலறை உப்பு ஒன்றுதான்.

உடலியல் இந்தக் கால நெருக்கடியைத் தெளிவாகவே காட்டுகிறது. சிசுவின் தைராய்டு சுரப்பி அயோடினைப் பிடித்து ஹார்மோன் செய்யத் தொடங்குவது கருவுற்ற 10 முதல் 12 வாரங்களில். சொல்லும்படியாகச் சுரக்க 16 வாரத்துக்கு மேலாகிவிடும். மூளை அதுவரை காத்திருப்பதில்லை. நரம்புச் செல்கள் பெருகுவதும் தத்தம் இடம் தேடி நகர்வதும் முதல் மூன்று மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. அந்த வேலைக்கு வேண்டிய தைராக்சின் முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்துதான் வரவேண்டும். நஞ்சுக்கொடி தாயின் தைராய்டு ஹார்மோனைச் சிசுவுக்கு விடாது என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1980களில் மாட்ரிட்டைச் சேர்ந்த கேப்ரியேலா மோரியாலே தே எஸ்கோபர் எலிகளில் செய்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. சிசுவின் சுரப்பி வேலைசெய்யத் தொடங்கும் முன்பே தாயின் ஹார்மோன் கருவுக்குள் இருந்ததை அவர் காட்டினார். பின்னாளில் அவர் வலியுறுத்திவந்த கருத்து இன்னும் நுட்பமானது. அயோடின் குறையும்போது தாயின் சுரப்பி சிக்கனம் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்ட தைராக்சினைக் குறைத்துக்கொண்டு, மூன்று அணுக்களே வேண்டிய டி3 ஹார்மோனைக் கூடுதலாகச் செய்கிறது. தாய்க்கு அது போதும். அவளுக்குக் களைப்போ வீக்கமோ தெரியாமலே போகலாம், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனைகூட இயல்பாக இருக்கலாம். ஆனால் சிசுவின் மூளை தைராக்சினை வாங்கித்தான் தனக்கு வேண்டிய டி3யை உள்ளேயே செய்துகொள்கிறது. தாய் நலமாகத் தோன்றும் நிலையிலேயே பிள்ளைக்குத் தட்டுப்பாடு வந்துவிடுகிறது.

தேவையும் இதே வாரங்களில்தான் ஏறுகிறது. சிறுநீர்ச் சோதனை அட்டையில் கோடாகத் தெரியும் எச்.சி.ஜி. ஹார்மோனே தாயின் தைராய்டையும் தூண்டி அதிகமாகச் சுரக்கவைக்கிறது. சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கூடுதலாக அயோடினை வெளியேற்றுகிறது. போகப்போகச் சிசுவும் தன் பங்கைக் கேட்கிறது. ஹார்மோன் உற்பத்தி ஏறக்குறைய பாதியளவு கூடியாக வேண்டும். சாதாரணமாக ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிக்கு 250 என்று வைத்திருப்பது இதனால்தான். நல்ல நிலையில் உள்ள உடம்பில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை அயோடின் கையிருப்பில் இருக்கும், அதில் பெரும்பகுதி தைராய்டிலேயே இருக்கும். கையிருப்போடு கருவுறும் பெண் இந்த முதல் வாரங்களைத் தாண்டிவிடுவாள். ஆண்டுக்கணக்காகக் குறைந்த அயோடினோடு வாழ்ந்து சுரப்பியில் ஒன்றும் மிஞ்சாத பெண்ணுக்கு எட்டாவது வாரத்தில் மாத்திரை தொடங்கினாலும், காலியான சுரப்பி நிரம்பத்தான் நாளாகும். விதைத்து முளை வந்த பிறகு அடியுரம் போட முடியாது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் நிலையைப் பார்க்க வேண்டும். பேறுகாலப் பராமரிப்பில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லத்தக்க மாநிலம் இது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார். கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வழங்கப்படுகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் முதல் தவணையைப் பெற 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். இவ்வளவு முனைப்பான ஏற்பாட்டிலும் ஒரு பெண் சுகாதார நிலையத்துக்கு வந்து சேரும்போது நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, வீட்டில் சொல்லி, எட்டோ பத்தோ வாரம் ஆகியிருப்பது இயல்பு. 12 வாரத்துக்குள் வந்தால் சீக்கிரம் வந்தவள் என்று பாராட்டுகிறோம். தாயின் தைராக்சினை மட்டுமே நம்பி மூளை வளரும் காலத்தின் பெரும்பகுதி அதற்குள் கடந்துவிட்டிருக்கும். இதில் செவிலியரின் குறையும் இல்லை, பெண்ணின் குறையும் இல்லை. வேறொரு கருவியால் செய்யவேண்டிய வேலையை இந்த ஏற்பாட்டிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதே செய்தி.

இதற்கு எதிராக அறிவியலுக்குள்ளிருந்தே எழும் கேள்வி ஒன்று உண்டு. ஜிமி பள்ளத்தாக்கு கடும் பற்றாக்குறை நிலவிய இடம். இன்று நம்மிடையே இருப்பது பெரும்பாலும் மிதமான குறைபாடுதான். அது பிள்ளையின் அறிவைப் பாதிக்கிறதா? 2013இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஆம் என்கிறது. பிரிஸ்டல் பகுதியில் ஆயிரத்துச் சொச்சம் தாய்மாரிடம் முதல் மூன்று மாதத்தில் எடுத்துவைத்த சிறுநீரைச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அயோடின் குறைவாக இருந்தது. அவர்களின் பிள்ளைகளில் 8 வயதில் மொழிசார் நுண்ணறிவிலும் 9 வயதில் வாசிப்பிலும் கடைசிக் கால்பகுதியில் விழுந்தவர்கள் அதிகம். ஆனால் இது கவனிப்பு ஆய்வு. மீனும் பாலும் நிறைய உண்ணும் வீடுகள் வேறு பல வகைகளிலும் வசதியானவையாக இருக்கலாம் என்ற ஐயத்தை, ஆய்வாளர்கள் எவ்வளவு சரிக்கட்டினாலும், முற்றாகத் துடைக்க முடியாது. அடுத்து 2017இல் பெங்களூரிலும் பாங்காக்கிலும் நடந்த பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. மிதமான குறைபாடுள்ள 832 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் அயோடின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. பிள்ளைகளை ஐந்தாறு வயதில் சோதித்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. குறைந்த தைராய்டுக்குத் தைராக்சின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் இதே கதைதான். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சோதித்த பிரிட்டிஷ்-இத்தாலிய ஆய்வு 2012இலும், அமெரிக்க ஆய்வு 2017இலும் பிள்ளைகளின் நுண்ணறிவில் பலன் எதையும் காட்டவில்லை.

இந்த முடிவுகளை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. அவற்றில் மாத்திரை எப்போது தொடங்கியது என்று மட்டும் பார்ப்போம். பெங்களூர்-பாங்காக் ஆய்வில் பெண்கள் சேர்ந்தது சராசரியாக 10.7ஆவது வாரத்தில். பிரிட்டிஷ்-இத்தாலிய ஆய்வில் சிகிச்சை தொடங்கியது 13 வாரம் கடந்த பின். அமெரிக்க ஆய்வில் 16 வாரத்துக்கும் மேல். பிந்தித் தொடங்கியதால்தான் பலன் தெரியவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படியும் இருக்கலாம், மிதமான குறைபாட்டை உடம்பு தானே சமாளித்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் இரண்டில் எது உண்மையானாலும் நாம் செய்யவேண்டியது மாறவில்லை என்பதே என் வாதம். பிந்தியதுதான் காரணம் என்றால், பத்தாவது வாரத்தில் தரும் மாத்திரைக்கு முன்பே அயோடின் உடம்புக்குள் போயிருக்க வேண்டும். உடம்பு சமாளித்தது என்றால், எதைக் கொண்டு சமாளித்தது? பெங்களூர்ப் பெண்கள் அயோடின் உப்பு ஏற்கெனவே பரவிவிட்ட நாட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களின் குறைபாடு மிதமாக நின்றதில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த வழியில் போனாலும் வாதம் உப்பிடமே வந்து சேர்கிறது. மிதமான குறைபாடு தீங்கற்றது என்று சொல்லி உப்பைத் தளர்த்தினால், அது மிதமாகவே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஏற்கெனவே தைராய்டு குறைந்து தினமும் தைராக்சின் மாத்திரை சாப்பிடும் பெண்களின் நிலை வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு மாத்திரையின் தேவை கருவுற்ற ஐந்தாவது வாரத்திலேயே கூடத் தொடங்கிவிடுகிறது. 25 முதல் 30 விழுக்காடு வரை அளவைக் கூட்டவேண்டி வருவது வழக்கம். கர்ப்பம் என்றதும் மாத்திரை எதுவும் கூடாது என்று தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. நாள் தள்ளியதும் முதல் வேலையாக மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அயோடின் உப்பு இந்த மாத்திரைக்கு மாற்றாகாது. கடற்பாசிப் பொடி போன்றவற்றை அளவில்லாமல் எடுத்துக்கொள்வதும் தவறு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டுவதால் கூடுதல் நன்மை இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

உப்பின் வழியை இந்தியா பிறரிடம் கடன் வாங்கவில்லை, தன் மண்ணிலேயே நிறுவிக் காட்டியது. 1956 முதல் இன்றைய இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே வி. ராமலிங்கசுவாமி குழுவினர் செய்த ஆய்வு பொதுச் சுகாதார வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் பெற்ற பகுதிகளில் கழலை பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கியது, மூன்றாவது பகுதியில் அப்படியே நின்றது. அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1980களில் உண்ணும் உப்பு எல்லாவற்றிலும் அயோடின் என்ற முடிவு எடுக்கப்பட்டது. 1990களின் இறுதியில் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு அந்தத் தடையை நீக்கியது. கட்டாயப்படுத்தக் கூடாது, மக்களே தேர்ந்துகொள்ளட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 1998-99இல் 49 விழுக்காடு. 2002-03இல் 30. தடை 2006இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவான பிள்ளைகளுக்கு அந்த வாரங்களை யாரும் திருப்பித் தர முடியாது. தேர்வுரிமை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. பாதிக்கப்படுகிறவர் கருவில் இருக்கிறார். எந்த உப்பை வாங்குவது என்று முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் குடும்பத்துக்கு மளிகை வாங்கும் வேறொருவர்.

2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பு, நாட்டில் 76.3 விழுக்காடு வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்ததாகக் கண்டது. மாநிலங்களில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு: 61.9 விழுக்காடு. தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் உள்ள, உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் மாநிலம் இது. உப்பளம் அருகிலேயே இருப்பதுதான் இதற்கு ஒரு காரணம். பாத்தியிலிருந்து வாரிய உப்பு ஆலைக்குப் போகாமலே மூட்டையாகச் சந்தைக்கும் தெருவுக்கும் வந்துவிடுகிறது. சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் கல்லுப்புதான் என்ற பழக்கம் இன்னொரு காரணம். கல்லுப்பில் அயோடின் கரைசலைத் தெளித்தாலும் பெரிய கற்களில் சீராக ஒட்டுவதில்லை. திறந்த சாக்கில், ஈரத்தில் கிடக்கும்போது அதுவும் வழிந்து போகிறது. கல்லுப்பு குற்றமில்லை. சரியாகத் தயாரித்து, மூடிய பையில் விற்கும் அயோடின் கல்லுப்பும் கடைகளில் உண்டு.

கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதே, பிறகு ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி கடலோர மாவட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம், உப்பு சுமார் 30 கிராம். ஒரு துளிகூட வீணாகாமல் உப்போடு தங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் கிராமுக்கு 2 மைக்ரோகிராம்தான். சட்டம் கேட்பது நுகர்வோர் கையில் குறைந்தது கிராமுக்கு 15. உண்மையில் வெயிலில் காயும்போது அந்த இரண்டிலும் பெரும்பகுதி உப்போடு தங்குவதில்லை. கடல் மீனில் அயோடின் உண்டு, கடலை வற்றவைத்து எடுத்த உப்பில் ஏறக்குறைய இல்லை. இயற்கை உணவு என்ற நல்லெண்ணத்தோடு இந்துப்புக்கு மாறும் இளம் தம்பதிகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்துப்பிலும் பொருட்படுத்தத்தக்க அயோடின் இல்லை. குழந்தைக்காக உணவைத் திருத்திக்கொள்ளும் வேளையிலேயே குழந்தைக்கு மிக அவசியமான ஒன்று தட்டிலிருந்து நீங்கிவிடுகிறது.

நாடு தழுவிய அளவில் பெண்களின் சிறுநீர் அயோடின் போதுமான வரம்பில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். அது இடைநிலை அளவு. பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே என்பதற்கு அதிகமாக அது எதையும் சொல்வதில்லை, 38 விழுக்காடு வீடுகளில் போதாத உப்பு இருக்கும் மாநிலத்தின் ஏழைப் பெண்ணைப் பற்றி அது பேசுவதில்லை. அயோடின் அதிகமானால் தைராய்டு நோய் கூடும் என்ற கவலை இன்னும் கவனத்துக்குரியது. டென்மார்க் 2000இல் அயோடின் சேர்ப்பைக் கட்டாயமாக்கியபோது, வேண்டுமென்றே மிகக் குறைந்த அளவில், கிலோவுக்கு 13 மில்லிகிராமில் தொடங்கி விளைவுகளை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தது. தைராய்டு குறைபாட்டு நோய் ஓரளவு கூடியது உண்மை. அதை உலகுக்குச் சொன்னதே அவர்களின் ஆய்வாளர்கள்தான். அதே டென்மார்க், இளம் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த அளவு போதவில்லை என்று கண்டு, 2019இல் 20 மில்லிகிராமாக உயர்த்தியது. பெரியவருக்கு வரும் தைராய்டு குறைபாட்டை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டு மாத்திரையில் சரிசெய்யலாம். கருவில் இழந்த மூளை வளர்ச்சிக்கு மாத்திரை கிடையாது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்வதும் இதற்கு முரணல்ல. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே உண்டாலும், உப்பில் உள்ள அயோடினின் செறிவை அதற்கேற்பக் கூட்டினால் தேவை நிறைவேறும். 5 கிராமில், கிராமுக்கு 15 என்ற இன்றைய குறைந்தபட்ச அளவில், கிடைப்பது 75 மைக்ரோகிராம் மட்டுமே, சமையலில் அதிலும் கொஞ்சம் போய்விடும். உப்பைக் குறைக்கும் பிரசாரத்தை முன்னெடுக்கும் அரசு இந்தக் குறைந்தபட்ச அளவையும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

அயோடின் சட்டத்துக்குச் சிறு உப்பள உரிமையாளர்கள் காட்டும் எதிர்ப்பை மட்டும் நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள், தம் கடற்கரையில் தாமே உப்பெடுக்கும் உரிமைக்காக நடந்தார்கள். அயோடின் சட்டத்தால் பெரிய நிறுவனங்களே சந்தையை வளைக்கின்றன என்று இன்றைய சிறு உற்பத்தியாளர் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. கூட்டுறவு முறையில் தெளிப்பு இயந்திரமும் சோதனைக் கூடமும் அயோடின் தரும் பொட்டாசியம் அயோடேட்டும் உப்பளத்துக்கே வந்து சேர்வதுதான் அதற்கு விடை. தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கத்தில் செய்துவருவதை ஒத்த பணியைச் சிறு பாத்திக்காரர்களுக்கும் செய்துதர அரசால் முடியும். எழுபது ஆண்டுகள் வாழும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் அயோடின் மொத்தமே 4 கிராமுக்குள்தான். இதைக் காசில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க யாராலும் முடியாது.

வீட்டில் திருமணமான மகளோ மருமகளோ இருந்தால், இல்லை, வயதுக்கு வந்த பெண் இருந்தாலே போதும், இன்று உங்கள் உப்புப் பையை எடுத்துப் பாருங்கள். அயோடின் சேர்த்த உப்பில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கும். அது இல்லாத உப்பை வேறு வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, சமையலுக்கு முத்திரை உள்ளதை வாங்குங்கள், காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள், அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் சேருங்கள். கடைக்காரரிடம் அந்த முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.